ஒரு மாலை டிரவுட் தூண்டிலுக்கு ஏற்ற இடம்: ஸ்பிரிங் கிரீக் ஓடையின் ஃபிஷர்மன்ஸ் பேரடைஸ்

பென்சில்வேனியா மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள ஸ்டேட் காலேஜ் நகரில் வசிப்பவர்களும், அங்குள்ள பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருபவர்களும், ஒரு மாலைப்பொழுது மட்டுமே கையில் இருக்கிறது, டிரவுட் மீனுக்குத் தூண்டில் போட எங்கே போகலாம் என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்லும் இடம் பெல்ஃபான்ட் ஊருக்கு அருகில் ஸ்பிரிங் கிரீக் ஓடைக்கரையில் இருக்கும் ஃபிஷர்மன்ஸ் பேரடைஸ். ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள இந்தக் கரைப்பகுதி, மாநிலத்தின் மீன் மற்றும் படகு ஆணையத்தின் பொறுப்பில் இருக்கிறது. மாநில மீன்பிடி உரிமமும் டிரவுட்டுக்கான கூடுதல் அனுமதியும் வைத்திருப்பவர் எவரும் இங்கே வரலாம்.

ஆயினும், போகுமுன் மூன்று விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே பிடிபடும் மீன் ஒவ்வொன்றையும் அதே இடத்தில் திரும்ப விட்டுவிட வேண்டும். இறகும் நூலும் கட்டிச் செய்த செயற்கைப் பூச்சித் தூண்டில், அதாவது ஃபிளை, தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது. புழு, மாவு, கரண்டி வடிவ உலோகத் தூண்டில் எல்லாம் விலக்கப்பட்டவை. மூன்றாவதாக, தண்ணீரில் கால் வைக்கவே கூடாது. கரையில் நின்றுதான் வீச வேண்டும். முதல்முறை இவற்றைக் கேட்பவருக்கு, இத்தனை தடைகளோடு ஒருவர் ஏன் இங்கே வர வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. இந்த ஓடையில் இன்று மீன் இருப்பதற்கும், அந்த மீன் நம் கண்ணெதிரே அஞ்சாமல் இரை எடுப்பதற்கும் இந்தத் தடைகளே பெருங்காரணம் என்பது என் உறுதியான கருத்து. இந்த இடத்தைப் பற்றிய என் மதிப்பீடு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

முதலில் தண்ணீரைச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் கிரீக், போல்ஸ்பர்க் பக்கம் டஸ்ஸி மலையடிவாரத்தில் தொடங்கி, லெமான்ட், ஹவுசர்வில் ஊர்களைக் கடந்து, பெல்ஃபான்ட் வழியாக மைல்ஸ்பர்க்கில் பால்ட் ஈகிள் கிரீக்குடன் கலக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புக்கல் பாறை பரந்து கிடக்கிறது. பெய்யும் மழையில் பெரும்பகுதி பாறைப் பிளவுகளுக்குள் இறங்கி, நிலத்தடியில் நெடுநாள் தங்கி, ஊற்றுகளாக ஓடைக்குள் வந்து சேர்கிறது. ஊற்றுநீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 10 முதல் 11 பாகை செல்சியஸ் அளவிலேயே இருப்பதால், சுற்றியுள்ள மலையோடைகள் கோடையில் சூடேறி வற்றும்போதும், கடும் பனிக்காலத்தில் உறையும்போதும், இந்த ஓடை ஓடிக்கொண்டே இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து கரைந்த தண்ணீரில் நீர்ச்செடிகள் செழிக்கின்றன; செடிகளுக்குள் ஸ்கட், கிரெஸ்பக் எனப்படும் சிறு ஓட்டுயிர்கள் கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன; அவற்றைத் தின்று டிரவுட் வளர்கிறது. இதே மாவட்டத்தில் மணற்கல் மலைகளிலிருந்து இறங்கும் ஓடைகள் பார்ப்பதற்கு இதைவிட அழகாக இருக்கும். ஆனால் அமிலத்தன்மை மிகுந்த அந்தத் தண்ணீரில் இரை குறைவு, மீனும் சிறியது.

இங்கே வாழ்வது பெரும்பாலும் பிரவுன் டிரவுட். இது அமெரிக்காவின் சொந்த மீன் அன்று. 1883ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து கப்பலில் முட்டைகளாக நியூயார்க்குக்குக் கொண்டுவரப்பட்ட இனம். நீலகிரியின் அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் இருக்கும் ரெயின்போ டிரவுட்டும் அவ்வாறே வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டதுதான் என்பது நம்மவர் பலருக்குத் தெரிந்திருக்கும். பென்சில்வேனியாவின் சொந்த மீனும் மாநில மீனுமாகிய புரூக் டிரவுட் இன்று பெரும்பாலும் குளிர்ந்த மலையோடைகளில்தான் மிஞ்சியிருக்கிறது. ஸ்பிரிங் கிரீக்கில் இருக்கும் பிரவுன் டிரவுட்டுகள் பண்ணையில் வளர்த்து விடப்பட்டவை அல்ல. ஓடையின் சரளைப் படுகையிலேயே முட்டையிட்டுப் பெருகிய காட்டு மீன்கள். ஆணையம் வழங்கும் 'ஏ' வகுப்புக் காட்டு டிரவுட் தகுதியைப் பெற வேண்டுமானால், பிரவுன் டிரவுட் ஓடை ஒன்றில் ஹெக்டேருக்கு 40 கிலோவுக்குக் குறையாமல் மீன் இருக்க வேண்டும். இந்த ஓடையின் பெரும்பகுதி அந்தத் தகுதியைப் பெற்றது.

இந்த நிலை எளிதாக வரவில்லை. ஃபிஷர்மன்ஸ் பேரடைஸ் 1934இல் திறக்கப்பட்டபோது, பண்ணையில் வளர்த்த பெரிய மீன்களை விட்டு, நாடெங்கிலுமிருந்து வரும் தூண்டில்காரர்களுக்கு ஒரு மாதிரி ஓடையைக் காட்டுவதே நோக்கமாக இருந்தது, ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அடுத்த பத்தாண்டுகளில் மேல்நிலத்து நகரம் வளர, அதன் கழிவுநீரும் ஓடைக்குள் வளர்ந்தது. இந்த ஓடையில் ஒரு காலத்தில் பெருந்திரளாக எழுந்த கிரீன் டிரேக் என்னும் பெரிய மேஃபிளை பூச்சி அற்றுப்போனது. பிறகு, ஸ்டேட் காலேஜில் இயங்கிய வேதிப்பொருள் ஆலை ஒன்றிலிருந்து கசிந்த கெப்போன், மைரெக்ஸ் என்னும் நச்சுகள் மீன்களின் உடலில் இருப்பது 1970களில் தெரியவந்தது. அந்த ஆலை இருந்த இடம் 1983இல் கூட்டரசின் சூப்பர்ஃபண்ட் தூய்மைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மீனை உண்ணக் கூடாது என்று ஆனபின், பண்ணை மீன் விடுவதும் நிறுத்தப்பட்டது. பிடித்ததைத் திரும்ப விட வேண்டும் என்ற விதி ஓடையின் பெரும்பகுதிக்கு வந்தது.

விடுவார் இல்லாமலும் கொல்வார் இல்லாமலும் போன ஓடையில், எஞ்சியிருந்த பிரவுன் டிரவுட்டுகள் தாமாகவே பெருகத் தொடங்கின. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு மேம்பட்டதும் அதற்குத் துணை நின்றது. இன்று இங்கே பிடிபடும் மீன்களில் பெரும்பாலானவை அந்தத் தலைமுறைகளின் வழிவந்தவை. உண்ணத் தகாதது என்று விலக்கப்பட்ட மீனே இந்த ஓடையைக் காட்டு ஓடையாக்கியது என்பதை எண்ணும்போது, பிடித்ததை விட்டுவிடு என்னும் விதியை நான் ஒரு குறையாகச் சொல்ல மாட்டேன்.

தண்ணீரில் இறங்கக் கூடாது என்ற விதியின் பயன் கரையில் நின்ற சில நிமிடங்களிலேயே விளங்கும். மற்ற ஓடைகளில் ஆள் அரவம் கேட்டதும் டிரவுட் அம்பாய்ப் பாய்ந்து மறைந்துவிடும். இங்கே, நடைபாதையிலிருந்து கைநீட்டும் தூரத்தில், செடிக்கற்றைகளுக்கு இடைப்பட்ட ஒளிவீச்சில், ஒரு மீன் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து நிற்பதையும், இடப்பக்கம் சற்றே சாய்ந்து எதையோ எடுத்துக்கொண்டு மீண்டும் அதே இடத்துக்கு வருவதையும் நின்று பார்க்கலாம். படுகையை யாரும் மிதிப்பதில்லை என்பதால் செடிகளும் அவற்றில் வாழும் ஓட்டுயிர்களும் கலையாமல் இருக்கின்றன. தூண்டில் கோலை எடுக்காமல், நல்ல போலரைஸ்டு கண்ணாடி ஒன்றை மட்டும் அணிந்துகொண்டு, கரையோரமாக மெல்ல நடந்து அரைமணி நேரம் பார்த்தாலே, ஒரு டிரவுட் எங்கே நிற்கும், எப்படி உண்ணும் என்பதைப் புத்தகம் எதுவும் கற்பிக்காத அளவுக்குக் கற்றுக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த இடம் அளிக்கும் பெருங்கொடை இதுவே என்று கருதுகிறேன்.

ஆனால் பார்க்க முடிவதும் பிடிக்க முடிவதும் ஒன்றல்ல. இந்த மீன்கள் ஆண்டு முழுவதும் தூண்டில்களைப் பார்த்துப் பழகியவை. மே மாத இறுதியில் ஒரு மாலை நான் அங்கே போனபோது, மடுவின் மேற்பரப்பில் வட்டங்கள் தோன்றிக்கொண்டே இருந்தன. மஞ்சள் நிறத்தால் சல்ஃபர் என்று பெயர் பெற்ற சிறு மேஃபிளைகள் நீரிலிருந்து எழுந்து, இறக்கை உலரும்வரை மிதந்துபோய்ப் பறந்தன. அவற்றைப்போலவே கட்டிய ஃபிளையை மீனுக்குமேல் மிதக்கவிட்டேன். மீன் எழுந்தது, ஃபிளைக்கு ஒரு விரற்கடை கீழே வந்து பின்னோக்கி மிதந்து அதைப் பார்த்தது, திரும்பிப்போய்விட்டது. மீண்டும் கவனித்துப் பார்த்ததில், நீரின்மேல் தெரிந்தது மீனின் வாய் அன்று, முதுகுத்துடுப்பு மட்டுமே என்பது புலப்பட்டது. அதாவது, மிதக்கும் பூச்சியை அது உண்ணவில்லை. தோலுரித்து எழுவதற்காக மேற்பரப்புக்குச் சற்றே கீழே தவித்துக்கொண்டிருக்கும் பூச்சியைத்தான் எடுத்தது. பாதி மூழ்கி நிற்கும் எமர்ஜர் வகை ஃபிளையைக் கட்டியபின், அதே மீன் அதை அமைதியாக எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு அங்குலம் இருக்கும். வெண்ணெய் நிறப் பக்கங்களில் கரும்புள்ளிகளும், இடையிடையே வெளிர்வளையம் சூழ்ந்த செம்புள்ளிகளும். இங்கே பெரும்பாலான மீன்கள் எட்டு முதல் பதின்மூன்று அங்குலத்துக்குள் அடங்குபவை. அதைவிடப் பெரியவையும் உண்டு, அவை பொதுவாக இருட்டும் நேரத்தில் கரைக்குழிகளிலிருந்து வெளிவருபவை.

ஃபிளை நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அது மிதந்துவரும் விதமே முடிவு செய்கிறது. ஓடையின் நடுவில் நீர் விரைவாகவும் செடிகளுக்கு அருகில் மெதுவாகவும் ஓடுவதால், குறுக்கே கிடக்கும் கோட்டை, அதாவது கோலிலிருந்து வீசும் தடித்த கயிற்றை, நடுநீர் இழுத்துச்செல்லும்போது, ஃபிளையும் இயல்புக்கு மாறாக நழுவி நீரைக் கீறிச்செல்லும். அதைக் கண்ட மீன் உடனே உண்பதை நிறுத்திவிடும். தண்ணீரில் இறங்கி நல்ல கோணத்தைத் தேடிக்கொள்ளவும் இங்கே வழியில்லை. இதற்கான தீர்வை இந்த ஊர்க்காரர் ஒருவரே வகுத்துக் கொடுத்திருக்கிறார். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1947 முதல் தூண்டில் மீன்பிடிப்பை மதிப்பெண்ணுடன் கூடிய பாடமாகக் கற்பித்த ஜார்ஜ் ஹார்வி, ஃபிளைக்கும் கோட்டுக்கும் இடைப்பட்ட நரம்பின் நுனிப்பகுதியை மென்மையாகவும் நீளமாகவும் அமைத்து, அது நீரில் விழும்போது நெளிநெளியாகத் தளர்ந்து விழும்படி செய்தார். அந்த நெளிவுகள் நிமிர்ந்து முடியும்வரை ஃபிளை இழுவையின்றி மிதக்கும். அவருக்குப்பின் அந்த வகுப்பை ஜோ ஹம்ஃப்ரீஸ் நடத்தினார். இந்த ஓடையில் தூண்டில் போடுபவர் ஹார்வியின் முறையில் நரம்பைக் கட்டிப் பழகிக்கொள்வது, விலையுயர்ந்த கோல் ஒன்றை வாங்குவதைவிடப் பயன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

கருவிகளைப் பொறுத்தவரை, எட்டரை அல்லது ஒன்பது அடி நீளமுள்ள நான்காம் எண் கோல், அதற்கேற்ற மிதக்கும் கோடு, பத்து அடிக்குக் குறையாத நரம்பு, நுனிக்கு 5எக்ஸ் அல்லது 6எக்ஸ் மெல்லிழை ஆகியவை போதும். மேற்பரப்பில் எதுவும் எழாத நேரங்களில், ஸ்கட், கிரெஸ்பக் ஆகியவற்றைப் போன்று 14 முதல் 18 எண்வரையுள்ள முள்ளில் கட்டிய ஃபிளைகளைப் படுகையை ஒட்டி உருளவிடுவதே பலன் தரும். மத்தியப் பென்சில்வேனியாவிலேயே உருவான வால்ட்ஸ் வார்ம் என்னும் ஃபிளை, முயல் மயிரைச் சுற்றியது தவிர வேறு அலங்காரம் எதுவும் இல்லாதது. கட்டுவதற்கு எளிது, இந்த ஓடையில் ஆண்டு முழுவதும் எடுபடுகிறது. கடைகளில் கண்ணைக் கவரும் ஃபிளைகளைப் பெட்டி நிறைய வாங்குவதற்கு முன்னால் இந்த மூன்றையும் வைத்துத் தொடங்குமாறு சொல்வேன். கரையில் மரக்கிளைகள் பல இடங்களில் தாழ்ந்து நிற்பதால், கோலைப் பின்னோக்கி வீசுவதைத் தவிர்த்து, கோட்டை நீர்மேல் உருட்டி முன்னே தள்ளும் ரோல் வீச்சைப் புல்வெளியில் பழகிவிட்டுப் போவது நல்லது.

எப்போது போவது என்பதற்கு, மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் வரை சல்ஃபர் எழும் மாலைகளே என் முதல் தேர்வு. சூரியன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிய பிறகான ஒன்றரை மணி நேரம் மட்டுமே கிடைத்தாலும் அதற்காகப் போகலாம். அந்தி மங்கும்போது முட்டையிட்டு இறந்த பூச்சிகள் இறக்கை விரித்து நீரில் பரவிக் கிடக்க, அதுவரை காணாத மீன்களும் எழுந்து உண்ணும். மார்ச், ஏப்ரலில் மேகமூட்டமான பிற்பகல்களில் புளூ விங்டு ஆலிவ் என்னும் சிறு மேஃபிளை எழும். ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் வரை காலையில் டிரைக்கோ என்னும் மிக நுண்ணிய பூச்சி எழுகிறது. அதற்குரிய ஃபிளையை நரம்பில் கோப்பதற்கே கூர்மையான கண் வேண்டும் என்பதால், வயதானவர்கள் அதே நாட்களில் எறும்பு, வண்டு வடிவ ஃபிளைகளைக் கரையோரம் விழவைப்பது மேல். குளிர்காலத்தில் ஓடை உறையாததால், நல்ல வெயில் அடிக்கும் நண்பகலில் போகலாம். மீன் மெதுவாக எடுக்கும், ஆனால் கரை முழுவதும் உங்களுக்கே. சல்ஃபர் மாலைகளிலும் வாரயிறுதிகளிலும் கூட்டம் அதிகம். ஒருவர் நிற்கும் மடுவுக்கு மேலோ கீழோ நெருங்கி நின்று வீசுவதை இங்கே யாரும் விரும்புவதில்லை. சற்றுத் தள்ளி நின்று, அவர் எந்தப் பக்கம் நகரப்போகிறார் என்று கேட்டுவிட்டு இடம் பிடிப்பதே வழக்கம்.

மீனைச் சமைத்து உண்ண விரும்புபவர்களுக்கு இந்த இடம் உரியதன்று. அவர்கள், மாநிலம் பண்ணை மீன் விடும் வேறு ஓடைகளுக்கு ஏப்ரல் முதல் சனிக்கிழமை தொடங்கும் பருவத்தில் போகலாம். அங்கே நாளொன்றுக்கு ஐந்து மீன்வரை, ஏழு அங்குலத்துக்குக் குறையாதவற்றை, வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. சிறு குழந்தைகளை அழைத்து வருபவர்களுக்கும் பேரடைஸ் சற்றுக் கடினம். கோலைக் கையில் கொடுத்தவுடன் ஏதாவது பிடிபட வேண்டும் என்று குழந்தை எதிர்பார்க்கும், இந்த மீன்கள் அதற்கு இசையா. அவர்களைப் பெல்ஃபான்ட் ஊருக்குள் ஓடைக்கரையிலேயே இருக்கும் டாலிரான்ட் பூங்காவுக்கு அழைத்துப்போனால், பாலத்தின் மேலிருந்து பெரிய டிரவுட்டுகளைக் கண்டு மகிழ்வார்கள். தாத்தாவும் பேத்தியுமாக வருபவர்களுக்கு, காலையில் பூங்கா, மாலையில் தாத்தாவுக்கு மட்டும் பேரடைஸ் என்பது நல்ல ஏற்பாடு.

வழிகாட்டி ஒருவரை அரைநாளுக்கு அமர்த்திக்கொள்வது தேவையா என்று பலர் கேட்கிறார்கள். ஃபிளைத் தூண்டிலை இதுவரை தொட்டிராதவருக்குத் தேவை என்பேன். வீசும் முறையையும் நரம்பு முடிச்சுகளையும் ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தினால், மாதக்கணக்கில் தனியே தடுமாறுவதைத் தவிர்க்கலாம். அமர்த்தும்போது, எத்தனை மீன் பிடித்துத் தருவீர்கள் என்று கேட்பதைவிட, கரையில் நின்று மீனைக் கண்டுபிடிக்கக் கற்றுத்தருவீர்களா என்று கேட்பவருக்கு நல்ல ஆசிரியர் அமைவார். ஏற்கெனவே வீசத் தெரிந்தவர் அந்தப் பணத்தைக் கண்ணாடிக்கும் ஃபிளைகளுக்கும் செலவிடலாம்.

மீனைக் கையாளும் முறையில் ஒவ்வொருவரும் கவனமாக இருக்க வேண்டும். எத்தனையோ பேர் பிடித்து விட்ட மீன்தான் நம் தூண்டிலுக்கும் வருகிறது. முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், மீனைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலேயே கழற்றிவிடலாம். தொட வேண்டியிருந்தால் கையை நனைத்துக்கொள்ள வேண்டும். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழுவழுப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும். கரைப்புல்லில் போட்டுப் படமெடுப்பதைத் தயவுசெய்து தவிர்க்கவும். கோடை வெப்பம் நீடிக்கும் நாட்களில் ஒரு வெப்பமானியை நீரில் விட்டுப் பார்த்து, 20 பாகையை நெருங்கியிருந்தால் கோலைச் சுருட்டிவிட வேண்டும். அந்த வெப்பத்தில் போராடிக் களைத்த டிரவுட், நீந்திப்போவது போலத் தெரிந்தாலும் பிறகு இறந்துவிடக்கூடும்.

இன்னொரு கடமையும் உண்டு. நியூசிலாந்து மட் ஸ்னெயில் என்னும் மிகச் சிறிய அயல்நாட்டு நத்தை இந்த ஓடையில் 2013இல் கண்டறியப்பட்டது. ஒரே ஒரு நத்தை புதிய ஓடைக்குப் போனாலும் அங்கே பெருகிவிடக்கூடியது. அது தின்னும் உணவு, டிரவுட்டுக்கு இரையாகும் பூச்சிகளின் உணவு. பேரடைஸில் நீரில் இறங்காவிட்டாலும், ஈரக்கரையில் மிதித்த காலணி, கைவலை ஆகியவற்றை நன்றாகத் தேய்த்துக் கழுவி, உலரவைத்து, இயன்றால் இரவு முழுவதும் உறைபெட்டியில் வைத்துவிட்டுத்தான் வேறு ஓடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உரிமம் பதினாறு வயது நிரம்பிய அனைவருக்கும் தேவை. டிரவுட் அனுமதியை அதனுடன் சேர்த்தே ஆணையத்தின் இணையதளத்தில் வாங்கிவிடலாம். ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்ய நினைப்பவர்களுக்காக, மே மாத இறுதியில் வரும் மெமோரியல் டே விடுமுறை வாரயிறுதியின் ஞாயிற்றுக்கிழமையும் ஜூலை 4ஆம் நாளும் உரிமமின்றி மீன்பிடிக்க மாநிலம் அனுமதிக்கிறது; அந்நாட்களிலும் பேரடைஸின் மற்ற விதிகள் அனைத்தும் பொருந்தும். இவ்விரண்டில் முதலாவது சல்ஃபர் எழும் காலத்துக்குள்ளேயே வருவதால், புதியவர்கள் அந்த ஞாயிறு மாலையைத் தேர்ந்துகொள்ளலாம். கூட்டத்தை முன்னிட்டு ஐந்து மணிக்கே போய் இடம் பார்த்துக்கொள்வது நல்லது.